நான் திருத்திய இரண்டு கைகள்

மகள், உனக்கு என் ஸலாம், உன் உம்மாவினுடையதையும் சேர்த்து.

நீ போய் மூன்று கிழமையாகிறது. தினமும் பின்னேரம் நீ அழைக்கிறாய். திரையில் உன் முகம் தெரிந்ததும் ‘சாப்பிட்டியா, அங்க வெயில் எப்பிடி’ என்று கேட்கிறேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வருவதில்லை, போனை உம்மாவின் கையில் கொடுத்துவிடுகிறேன். உனக்குச் சொல்லவேண்டிய ஒரு விஷயம் ஒன்பது மாதமாக என் தொண்டையில் நிற்கிறது. நீ வீட்டில் இருந்தபோது, தினம் இருபது அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தபோது, சொல்ல முடியவில்லை. போனில் சொல்வேன் என்று நினைத்தேன், அதுவும் முடியவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது. உனக்கு மட்டும் எழுதாமல் எல்லாரும் படிக்கிற மாதிரி ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். செய்த தவறை நான் தனியாக வைத்துக்கொள்ளவில்லை, கராஜில் நாலு பேருக்கு முன்னால் பெருமையடித்தேன். பெருமையைக் கேட்டவர்கள் இதையும் கேட்கட்டும்.

படிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. நான் இலங்கையின் கிழக்கே ஓட்டமாவடியில் வாகனத்துக்கு டிங்கரிங் செய்து பெயின்ட் அடிக்கிறவன், கைவேலைக்காரன் என்பதால் ஊரில் ‘பாஸ்’ என்பார்கள். வாழைச்சேனை வீதியில் மாட்டில் மோதிய வேனும், செங்கலடிச் சந்தியில் பஸ்ஸோடு உரசிய காரும் என்னிடம்தான் வரும். நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து, நிறம் கலந்து அடித்துக் கொடுப்பேன். வாகனக்காரர் வந்து கையால் தடவிப் பார்த்து, ‘எந்த இடம் பாஸ் அது?’ என்று என்னிடமே கேட்பார். அந்தக் கேள்விக்காகவே நான் இந்தத் தொழிலில் முப்பது வருடம் இருந்திருக்கிறேன். பிழையைக் கண்டால் திருத்தவேண்டும், திருத்திய இடம் தெரியக்கூடாது, இந்த இரண்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை. வேறு மாதிரியும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதை உன்னிடம்தான் கற்றேன். கொஞ்சம் அடிபட்டுத்தான் கற்றேன்.

இதையெல்லாம் தொடக்கி வைத்ததும் நான்தான் என்று உம்மா சொல்லிக்காட்டுவா. உண்மைதான். நான் அரபு நாட்டில் கராஜில் வேலை செய்த காலத்தில், ஒரு நாள் முதலாளியின் காரை எடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். விருந்தாளிகளை உட்காரவைக்கும் பெரிய அறையில் காத்திருக்கச் சொன்னார்கள். எதிர்ச் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று. கம்பளக்கடை. கிழவர் ஒருவர் கம்பளத்தை விரித்துக் காட்டுகிறார், வாங்க வந்தவர் அதன் ஓரத்தை விரலால் மடித்துப் பார்க்கிறார். அந்த விரல் கம்பளத்தில் அழுந்திய இடத்தில் நூல் சரிந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அச்சு இல்லை, பிரஷ் போன தடம் இருந்தது. முதலாளி வந்ததும், இது கையால் வரைந்த பிரதி, மூலப்படம் ஐரோப்பாவில் ஒரு மியூசியத்தில் இருக்கிறது என்றார். பிரதியே இப்படியா என்று நினைத்துக்கொண்டு கார்ச் சாவியை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன், திரும்பப் போய் வாங்கினேன். லீவில் வந்து இதை உனக்குச் சொன்னபோது உனக்கு ஆறு வயது. ‘விரல் அழுத்தினது எப்பிடி வாப்பா தெரியும்?’ என்று கேட்டாய். படுக்கை விரிப்பில் விரலை அழுத்திக் காட்டினேன். அடுத்த நாள் வீட்டில் இருந்த எல்லா விரிப்பையும் நீ அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு நீ கம்பஸில் சித்திரம் படித்தாய். படித்து முடித்த பிள்ளைகள் டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்க, நீ மட்டும் நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய படங்களை லெப்டொப்பில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஐரோப்பாவில் கல்லூரி முறைப்படி வரையக் கற்ற ஓவியர்கள் எகிப்துக்கும் மொரோக்கோவுக்கும் துருக்கிக்கும் கப்பலேறி வந்து, நம்மவர்களின் கடைத்தெருவையும் பள்ளிவாசலையும் ஒட்டகத்தையும் வரைந்த படங்கள். கீழைத்தேயப் படங்கள் என்று அதற்குப் பெயர் என்றாய். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக்கொடுப்பது தகப்பனின் கடமை. உனக்கென்று நான் கட்டத் தொடங்கி, கூரை போட்டு, கதவு போடாமல் விட்டிருந்த வீட்டின் முன் ஹாலை, அந்தப் படங்களைக் கையால் பிரதி வரைந்து விற்கும் உன் வேலையிடமாக்கிக்கொண்டாய். சீமெந்து மூட்டை ஒன்றுதான் உன் கதிரை. ‘மாப்பிள்ள வந்து இரிக்கவேண்டிய இடத்தில ஒட்டகம் இரிக்கி’ என்று உம்மா புலம்பினா. எனக்கும் முதலில் மனம் ஒப்பவில்லை. உருவம் வரைவது பற்றி நம் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அபிப்பிராயம், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது யாராவது ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுவார். நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உன்மேல் எரிந்து விழுவேன். நீ பிரஷைக் கழுவுவாய்.

ஆனால் வேலை என்று வந்தால் நீ யாருக்கும் வளையமாட்டாய் என்பதை நான் சீக்கிரமே கண்டுகொண்டேன். கல்குடாப் பக்கமிருந்து ஒரு ஹோட்டல்காரர் வந்தார், பெண்கள் குளிக்கும் அறைப் படங்கள் இரண்டு வேண்டும் என்றார். அந்தக் காலத்து ஓவியர்கள் அப்படியும் நிறைய வரைந்திருக்கிறார்கள். நீ ஏலாது என்றாய். வெட்கத்தால் சொல்கிறாய் என்று நினைத்து நான் மகிழ்ந்தேன். பிறகு நீ சொன்ன காரணம் வேறு. ‘இந்த அறைக்குள்ள வரைஞ்சவன் போனதே இல்ல வாப்பா. போக விட்டிருக்கவும் மாட்டாங்க. நெனச்சி வரைஞ்சது. கடைத்தெருவில அவன் நிண்டு பாத்திரிக்கான், பள்ளிக்குள்ள நிண்டு பாத்திரிக்கான். பாத்து வரைஞ்சதத்தான் நான் திரும்ப வரைவன்.’ அன்றைக்கு எனக்கு உன்னைப் பற்றி வந்த மரியாதை இன்னும் இறங்கவில்லை. எதைச் செய்யமாட்டேன் என்பதற்குக் காரணம் சொல்லத் தெரிந்தவளுக்கு வேலையும் தெரியும். இதை நான் உனக்கு அறிவுரையாகச் சொல்லவில்லை, நீ எனக்குச் சொல்லித் தந்தது.

காத்தான்குடி ஹாஜியாரின் படம்தான் என்னைக் கெடுத்தது. புதுவீட்டுக்கு ஒரு பழைய நகர வாசலின் படம் கேட்டிருந்தார், ஆட்கள் இல்லாமல். மூலப்படத்தில் வாசல் வளைவுக்கு மேலே அரபு எழுத்து மாதிரி ஏதோ இருந்தது. எழுத்து இல்லை, வரைந்தவருக்கு வாசிக்கத் தெரியாததால் கிறுக்கியது. நீ அதையும் அப்படியே வரைந்திருந்தாய். நான் பார்த்துவிட்டு, ஹாஜியார் வாசித்துப் பார்ப்பார், சிரிப்பார், திருத்து என்றேன். நீ இரண்டு நாள் மறுத்தாய். கடைசியில் எனக்காக, அந்தக் கிறுக்கலுக்குப் பதிலாக அரபில் பிஸ்மியை அழகாக எழுதிக் கொடுத்தாய். ஹாஜியார் வந்து பார்த்து, ‘மாஷா அல்லாஹ், எழுத்தப் பாருங்க’ என்று என் தோளில்தான் தட்டினார். அன்றிலிருந்து உன் வேலைக்கு நான்தான் மேற்பார்வை என்று எனக்கு நானே நியமனம் கொடுத்துக்கொண்டேன். நீ அந்தப் படத்தை வண்டியில் ஏற்றும்போது ஒரு தடவை அந்த வளைவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் அதைக் கவனித்தேன், கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அரபு நாட்டில் இப்போது நீ இருக்கும் வேலைக்கூடம் உன்னைக் கூப்பிட்டது. மியூசியங்களுக்கும் பெரிய வீடுகளுக்கும் கையால் பிரதி செய்து கொடுக்கும் இடம். ஒரு படத்தைச் சோதனையாக வரைந்து அனுப்பு, பார்த்துவிட்டு எடுப்போம் என்றார்கள். சாப்பிடும்போது நீ அவர்களின் நிபந்தனைகளைச் சொன்னாய். ஒன்றைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ கூடாது, பிழை இருந்தால் பிழையோடு வேண்டும் என்று சொன்னாய். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

படம் கெய்ரோவில் ஒரு பள்ளிவாசல். ஒரு ஸஃப்பில், ஒரே வரிசையில், ஏழு பேர் தொழுகையில் நிற்கிறார்கள். வரைந்த பிரெஞ்சு ஓவியர் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். உயரத்து ஜன்னலிலிருந்து வெயில் சாய்வாக இறங்கி கம்பளத்தில் விழுகிறது. குனிந்த முகங்கள் நிழலில். அந்த வெயிலை மட்டும் நீ பதினொரு நாள் வரைந்தாய். நான் கராஜுக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பேன். வெயில் என்றால் மஞ்சள் என்று நினைத்திருந்தேன். நீ சாம்பலும் நீலமும் கலந்து நிழலை முதலில் வரைந்தாய், வெயில் தானாக வந்தது. நாலு மாதம். ஒரு கம்பளத்தின் குஞ்சத்துக்கு ஒரு நாள். முதுகு வலித்தால் எழுந்து, கதவில்லாத வாசலில் நின்று வீதியைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்காருவாய். என் வேலையில் நாலு மாதத்தில் நாற்பது வாகனம் போய்விடும். ஆனாலும் மகள், அந்தப் படத்தைப் பார்த்த ஒவ்வொரு தடவையும், என் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று சொல்ல உம்மாவுக்குக் கிடைத்த உரிமையின்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

படம் முடிந்து, காய்ந்து, அனுப்ப இன்னும் ஆறு நாள் இருந்தது. நீ பொதி கட்டச் சாமான் வாங்கச் செங்கலடிக்குப் பஸ் ஏறினாய். நான் படத்தின் முன்னால் தனியாக நின்றேன். அப்போதுதான் மூன்றாவது ஆளைக் கவனித்தேன். தலையை மூடும் தொப்பி சேர்த்துத் தைத்த வெள்ளை மேலங்கிக்காரர். மற்ற ஆறு பேரும் கையைக் கட்டி நிற்க, இவர் மட்டும் இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டு நிற்கிறார். தொழுகையில் யார் இப்படி நிற்பார்கள்? வரைந்தவருக்குத் தொழுகை தெரியாது, என் மகளும் கவனிக்காமல் விட்டுவிட்டாள், அரபு நாட்டுக்காரர்கள் பார்த்தால் முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார்கள் என்று பயந்தேன். உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். அல்லாஹ் அறிய, அப்படித்தான் நினைத்தேன்.

நான் செய்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கராஜுக்குப் போய், மிக நைஸான வாட்டர் பேப்பர் ஒரு துண்டு கொண்டுவந்தேன். கன்வஸ் நெளியாமல் பின்பக்கம் ஒரு பலகைத் துண்டை முட்டுக் கொடுத்தேன். பழைய பெயின்டின்மேல் புதிதாக அடித்தால் மேடு தெரியும், அதனால் எந்த வாகனத்துக்கும் செய்கிற மாதிரி தண்ணீர் தொட்டு, அந்த இரண்டு கையையும் தேய்த்து எடுத்தேன். நாலு மாதத்தில் நீ அடுக்கடுக்காக வைத்த வர்ணம் சாம்பல் தண்ணீராக என் விரலில் வழிந்தது. உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டேன். உன் தட்டில் நிறம் கலந்தேன். வேன் வெள்ளையிலேயே இருபது வெள்ளை பார்த்தவன் நான், அந்த மேலங்கியின் வெள்ளை இரண்டாவது முயற்சியிலேயே கிடைத்தது. சீக்கிரம் காயட்டும் என்று கொஞ்சம் தின்னர் விட்டேன். நெஞ்சுக்குக் கீழே கையை அழகாகக் கட்டிவைத்தேன். அஸர் தொழுதுவிட்டுக் கராஜுக்குப் போய், பிரெஞ்சுக்காரன் விட்ட பிழையை ஓட்டமாவடி பாஸ் திருத்தினான் என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

நீ வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. வாசலில் நின்றபடியே படத்தைப் பார்த்தாய்.

‘ஆரு இத உரசின?’

கை மாறியதை நீ கேட்கவில்லை. உரசியதைத்தான் முதலில் கண்டாய். அந்தத் தூரத்திலிருந்து. முப்பது வருடத்தில் எந்த வாகனக்காரரும் காணாததை.

‘நான்தான் மகள். கையச் சரியா வெச்சிரிக்கன், கிட்ட வந்து பாரு’ என்றேன்.

நீ கிட்ட வந்தாய். பார்த்தாய். சீமெந்து மூட்டையில் உட்கார்ந்தாய்.  பிறகு, சத்தம் போடாமல், ஒரு நோயாளிக்குச் சொல்வது மாதிரி சொன்னாய். ‘அவர் பிழையாத் தொழல்ல வாப்பா. அவர் மொரோக்கோப் பக்கத்து ஆள், உடுப்பப் பாத்தாத் தெரியும். தொழுற முறையில மாலிகி மத்ஹபு. அவங்க கையத் தொங்கவிட்டுத்தான் தொழுவாங்க. ஊர் விட்டு ஊர் வந்து கெய்ரோவில இவங்களோட ஒரே வரிசையில நிக்கிறாரு. படமே அதுதான்.’

என் தவறு ஒன்றுதான் என்று நினைத்துவிடாதே. முதல் தவறு கையால் செய்தது, அடுத்தது வாயால். ‘அம்பது வருசமாத் தொழுறன். எனக்கு நீ தொழச் சொல்லித்தாறியா?’ என்று கத்தினேன். உம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தா. நான் செய்தது பிழை என்று எனக்கே தெரிந்த நேரத்தில் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது, இது என் கெட்ட குணம். உனக்கும் கொஞ்சம் இருக்கிறது, பார்த்துக்கொள். கோபம் இறங்கியதும் மூன்றாவது தவறைச் செய்தேன், அதுதான் பெரியது. ‘ஆறு நாள் இரிக்கிதானே. திரும்பத் தொங்கவிட்டு வரைஞ்சி அனுப்பு. உன்ட கைக்கு அது ஆருக்கும் தெரியாது’ என்றேன்.

‘விளக்குப் புடிச்சிப் பாத்தா அவங்களுக்குத் தெரியும்’ என்றாய்.

‘தெரியாட்டி?’

‘தெரியாட்டியும் சொல்லத்தான் வேணும் வாப்பா. உரசின இடத்த உரசல்ல எண்டு நான் எப்பிடி அனுப்புற?’

அன்று பின்னேரமே நீ அவர்களுக்கு எழுதினாய். படத்தில் ஒரு இடம் சேதமாகிவிட்டது, திருத்தி அனுப்பினால் அது நேர்மையாக இருக்காது, தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று. யார் சேதமாக்கியது என்று எழுதவில்லை. இரண்டு நாளில் பதில் வந்தது. நன்றி, இந்தத் தடவை வேறொருவரை எடுத்துக்கொள்கிறோம், விரும்பினால் முழுப்படத்தையும் புதிதாக வரைந்து அடுத்த தடவைக்கு அனுப்பலாம் என்றார்கள். நீ அதை எனக்கு வாசித்துக் காட்டினாய், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். அடுத்த நாள் காலையில் சட்டத்தில் புதுக் கன்வஸ் இழுத்துக்கட்டும் சத்தம் கேட்டது. நான் வாசலில் வந்து நின்றேன். நீ திரும்பிப் பார்த்து, ‘நிறம் சரியாப் புடிச்சிரிந்தீங்க வாப்பா. தின்னராலதான் ஓரம் சுருங்கிட்டு’ என்றாய். அதற்குப் பதிலாக நாலு வார்த்தை ஏசியிருந்தால் நான் அன்றைக்கே நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

அந்த நாட்களில் எனக்கு இத்ரீஸைப் பற்றி யோசனை வந்தது. அரபு நாட்டுக் கராஜில் என்னோடு வேலை செய்த சூடான்காரர், அவர்கள் நாட்டிலும் அந்த மத்ஹபுக்காரர்கள்தான் அதிகம். நாலு வருடம் ளுஹரும் அஸரும் அவர் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுதிருக்கிறேன். தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவார் என்று தெரியும். எந்த முழங்காலில் வலி என்று தெரியும். தொழுகையில் கையைக் கட்டினாரா தொங்கவிட்டாரா என்று எத்தனை யோசித்தும் தெரியவில்லை. நான் பார்த்ததே இல்லை. நம் கண் சுஜூதில் நெற்றி வைக்கும் இடத்தில் இருக்கவேண்டும், அப்படித்தான் இருந்தது, அதில் குற்றமில்லை. ஆனால் தொழத் தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரர் தூணோரத்தில் நின்று, ஏழு பேரில் ஒருவரின் கை வேறு மாதிரி இருப்பதைக் கண்டு, ஏன் என்று தெரியாமலே கண்டபடி வரைந்துவைத்திருக்கிறார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று அவர்களைப் பற்றி நீயே சொல்லியிருக்கிறாய். வேடிக்கை பார்க்க வந்தவர்தான், ஆனாலும் அந்த மனிதருக்கு நான் ஸலாம் சொல்கிறேன். அவருக்குக் கிடைத்த நேர்மையான கண் எனக்கு வரிசைக்குள் நின்றும் கிடைக்கவில்லை. அந்தக் கண்ணை நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு ஓட்டமாவடியில் கதவில்லாத ஒரு வீட்டில் உட்கார்ந்து நீ காப்பாற்றிக்கொண்டிருந்தாய். நான் வாட்டர் பேப்பரோடு வந்தேன்.

இரண்டாவது தடவை நீ வரைந்ததை நான் முழுவதும் பார்த்தேன். பிளாஸ்டிக் கதிரையை இருபது அடி தள்ளிப் போட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அதே ஏழு பேர், அதே வெயில், அதே குஞ்சம். ஒரு தடவை செய்ததை மறுபடி செய்யும்போது மனிதருக்குச் சலிப்பு வரும், அவசரம் வரும். உனக்கு வரவில்லை. முதல் படத்தில் பதினொரு நாள் எடுத்த வெயிலுக்கு இந்தத் தடவை பதினாலு நாள் எடுத்தாய். என்ன மகள் கூடுது என்று கேட்டேன். போன தடவை ஜன்னலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பிழைத்துவிட்டது, உங்களுக்குத் தெரிந்திருக்காது என்றாய். எனக்குத் தெரியவில்லைதான். மன்னிப்புக் கேட்க வாய் வராததால் நான் கதவு போட்டேன். வீதிப் புழுதி படத்தில் படியக்கூடாது என்று ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டேன். நல்ல விளக்கு ஒன்று கொழுவினேன். உம்மா பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டு ஒரு நாள் கேட்டா, ‘வாயத் தொறந்து ஒரு சொல்லுச் சொல்ல ஏலாம வீட்டையே கட்டி முடிக்கப் போறாரா உங்கட வாப்பா?’ நீ சிரித்தாய். நான் ஏணியில் நின்றதால் என் முகம் உங்களுக்குத் தெரியவில்லை.

உனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி இங்கே இன்னும் நாலு பக்கமும் கேட்கிறார்கள். அவசரமில்லை என்று சொல்லிவருகிறேன். யாராக இருந்தாலும், உன் படத்தைப் பார்த்து முதல் வார்த்தையாக ஒரு திருத்தம் சொல்கிறவராக இருக்கவேண்டாம். முதலில் கொஞ்ச நேரம் சும்மா பார்க்கிறவராக இருக்கட்டும். அங்கே உன்னோடு வேலை செய்கிறவர்களிடமும் நீ அப்படியே இரு. அடுத்தவரின் வேலையில் பிழை தெரிந்தால் கை நீட்டுவதற்கு முன்னால் வாயால் கேள். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயத்துக்கு நான் உன் வாழ்க்கையில் ஒன்பது மாதத்தை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது படம் போனது. அவர்கள் விளக்குப் பிடித்தும் பார்த்திருப்பார்கள். வா என்றார்கள். நீ புறப்பட்ட காலையில் வேன் வாசலில் நின்றது. பயணம் போகிறவர்கள் செய்கிற மாதிரி நீ ஒவ்வொருவரிடமும் போய், தெரியாமல் செய்த பிழையை மன்னிக்கச் சொல்லிப் பொறுப்புக் கேட்டாய். பக்கத்து வீட்டாரிடம் கேட்டாய், உம்மாவைக் கட்டிப்பிடித்துக் கேட்டாய். பிறகு என்னிடம் வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ‘வாப்பா, நான் ஏதும் பிழை செஞ்சிரிந்தா, மனசு நோகப் பேசியிரிந்தா, என்னப் பொறுத்துக்கங்க’ என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. கேட்கவேண்டியவன் நான். எனக்கு அது அந்த நிமிடத்திலேயே தெரிந்தது. ஆனால் பெரிய மனிதன் மாதிரி உன் தலையில் கை வைத்து, ‘பொறுத்துக்கிட்டன், போய்ட்டு வா’ என்றேன். வேன் பாலத்தைத் தாண்டும்வரை வாசலில் நின்றேன். உம்மா என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

போன வெள்ளிக்கிழமை காத்தான்குடி ஹாஜியார் கராஜுக்கு வந்தார். மகள் வேறு ஏதும் படம் விட்டுப் போயிருக்கிறாளா என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய் ஹாலைக் காட்டினேன், கராஜில் இருந்த இருவரும் பின்னால் வந்தார்கள். மூலையில் அந்த முதல் படம் நின்றது. நீ அதைத் திருத்தவுமில்லை, எறியவுமில்லை. ஹாஜியார் குனிந்து பார்த்தார். ‘முகமெல்லாம் நிழல்லதானே இரிக்கி, இத நான் எடுத்துக்குவன். வெள்ளக்காரன்ட படம் எண்டாலும் தொழுகையச் சரியாக் காட்டியிரிக்கான் பாருங்க, எல்லாரும் ஒரே மாதிரி கையக் கட்டி’ என்றார். கராஜ்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பாஸின் கைவேலை என்று சொல்லப்போனார்கள்.

நான் முந்திக்கொண்டேன். ‘இல்ல ஹாஜியார். அந்த மூணாவது ஆள்ட கை பிழை. வரைஞ்சவனும் சரியாத்தான் வரைஞ்சான், மகளும் சரியாத்தான் வரைஞ்சா. நான்தான் கேக்காம உரசி மாத்தின. அந்தப் பிள்ளைட வேல என்னாலதான் பிந்தினது’ என்றேன்.  ஹாஜியார் படத்தை விட்டு நிமிர்ந்து, ‘மகள்கிட்டச் சொல்லியாச்சா இத?’ என்று கேட்டார்.

சொல்லவில்லை என்றேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். நல்லதுக்குத்தான் செய்தேன் என்று இனிமேல் சொல்லமாட்டேன். நீ சரியாகச் செய்த வேலையை நான் கெடுத்தேன். கெடுத்ததோடு உன்மேல் கத்தினேன், பிறகு மறைக்கச் சொன்னேன். நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல், மறைக்கவும் செய்யாமல், முதலிலிருந்து தொடங்கினாய். என் பிள்ளையாகப் பிறந்து எனக்கு மேலே போய்விட்டாய் மகள், அதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. அன்று வாசலில், ஒரு பிழையும் செய்யாத நீ என் கையைப் பிடித்துக் கேட்டதை, இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன். என்னைப் பொறுத்துக்கொள்.